மழை ஓய்ந்த பிறகு முதல் பரிசோதனை: தேனீப்பெட்டியை எப்போது, எப்படித் திறப்பது?
புதிதாகத் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மறைமலைநகரில் மொட்டைமாடியிலோ கொல்லையிலோ ஒரு தேனீப்பெட்டி வைத்திருப்பவருக்கு ஆண்டின் பெரிய கேள்வி பொங்கலையொட்டி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. பெட்டியைத் தொடவே முடிந்திருக்காது. ராணி உயிரோடு இருக்கிறதா, தேன் மிச்சம் இருக்கிறதா, பூச்சி ஏதும் புகுந்துவிட்டதா என்று எதுவும் தெரியாது. மழை விட்டு வெயில் அடித்த முதல் நாளே மூடியைத் தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். திறக்க வேண்டிய நாளைத் தேனீக்களே வாசலில் காட்டிவிடும். அதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எதைத் தெரிந்துகொள்ளத் திறக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு திறந்து, அது தெரிந்ததும் மூடிவிடுவது.

நம் ஊருக்கு வசந்தம் தையில் தொடங்குகிறது

ஆங்கிலப் புத்தகங்களும் யூடியூப் காணொளிகளும் சொல்லும் 'வசந்தகால முதல் பரிசோதனை' பனி விழும் நாடுகளுக்கானது. அங்கே தேனீக்கள் மாதக்கணக்கில் நெருங்கி ஒட்டிக்கிடந்து குளிரைக் கழிக்கும். வெப்பநிலை 14, 15 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே பெட்டியைத் திறப்பார்கள். புழுக்கள் வளரும் இடம் 33 முதல் 35 டிகிரி வரை கதகதப்பாக இருக்க வேண்டும். குளிர்காற்று பட்டால் அவை சாகும்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே தேனீயின் கஷ்டகாலம் மழையோடு வருகிறது. செங்கல்பட்டுக் கடலோரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. விடாத மழையில் பூவின் மதுரமும் மகரந்தமும் கழுவிப் போகின்றன. வெளியே போக முடியாத தேனீக்கள் சேமிப்பைத் தின்று தீர்க்கின்றன. வரத்து குறைந்ததும் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். ஆள் குறைந்தால் எல்லா அடைகளையும் மூடி உட்கார முடியாது. அந்த வெற்றடையில்தான் மெழுகு அந்துப்பூச்சி புகுகிறது.

புயல் வந்த ஆண்டென்றால் பாடு இன்னும் அதிகம். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மறு ஆண்டு டிசம்பரிலேயே மிக்ஜாம் வந்தது. இப்படியான காற்றில் முருங்கை முறியும், பூத்ததெல்லாம் உதிரும். தேனீக்குப் பஞ்சம் தை வரைகூட நீளலாம். அதனால் நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு திறப்பது சரிவராது.

தையில் பார்ப்பது எதற்காக?

ஒரு சின்னக் கணக்கு. பணித்தேனீயின் முட்டை முழுத் தேனீயாக 18 முதல் 20 நாள் ஆகும். பிறந்த தேனீ உடனே பூவுக்குப் போகாது. ஏறக்குறைய மூன்று வாரம் கூட்டைத் துப்புரவு செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று உள்வேலைதான். ஆக, இன்று இடும் முட்டை தேன் கொண்டுவரும் தேனீயாக 40 நாள் வேண்டும்.

பொங்கலன்று இட்ட முட்டை பிப்ரவரிக் கடைசியில் வெளியே பறக்கும். தை, மாசியில் மாம்பூவும் முருங்கைப்பூவும் குடும்பத்தைப் பெருக்க உதவும். மாமல்லபுரம் பக்கம் முந்திரியும் பூக்கும். அதன்பின் பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கன், பின்னாலேயே புளி. தேன் சேரும் காலம் அது. வேம்பு பூத்த பிறகு பெட்டியைத் திறந்து, 'அடடா, குடும்பம் சிறுத்துக் கிடக்கிறதே' என்று கவலைப்பட்டால் அந்த ஆண்டுத் தேன் கைநழுவிவிடும். தையில் பார்க்கும் பத்து நிமிடம் சித்திரைத் தேனுக்கான ஏற்பாடு.

உங்கள் பெட்டியில் இருப்பது எந்தத் தேனீ?

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டியில் அடங்காதவை. நம் பகுதி வீடுகளில் பெரும்பாலும் வைப்பது அடுக்குத்தேனீ என்கிற இந்தியத் தேனீ. இந்த வழிகாட்டி அதற்கானது. கொசுத்தேனீ வைத்திருப்பவர்கள் சட்டம் சட்டமாகத் தூக்கிப் பார்க்கும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். அவற்றின் கூட்டமைப்பே வேறு.

இந்தியத் தேனீக்கு இங்கே பரவலாகப் புழங்குவது நியூட்டன் பெட்டி. திருச்சி வட்டாரத்தில் 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்த பாதிரியார் நியூட்டன், நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்றபடி வடிவமைத்தது. கீழே அடிப்பலகை, அதன்மேல் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதற்கும் மேலே உயரம் குறைந்த தேன் அறை, உள்மூடி, மேல்மூடி. 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக ஊன்றினார். குமரி மாவட்டம் இன்றும் அந்தத் தொழிலுக்குப் பேர்போனது.

வெளிநாட்டுக் காணொளிகளில் வருவது ஐரோப்பியத் தேனீ. அதைப் பார்த்துப் பழகியவர்கள் நான்கு வேறுபாடுகளை மனதில் வையுங்கள்:

- நம் தேனீ மரப்பிசினைச் சேர்த்துச் சட்டங்களை ஒட்டிவைக்காது. எனவே சட்டத்தை நெம்பி எடுக்க வேண்டியதில்லை.
- பழைய அடையைக் கடித்து உதிர்ப்பது அதன் வழக்கம். அடிப்பலகையில் மெழுகுத்தூள் கிடந்தால் பயப்பட வேண்டாம்.
- ஆண் தேனீ வளரும் கண்ணறை மூடியின் நடுவே ஊசிமுனை அளவு துளை இருக்கும். அது இயல்பானது, நோய் கிடையாது.
- தொந்தரவு பொறுக்காது. பசி, பூச்சி, அடிக்கடி திறந்து மூடுவது எதுவாக இருந்தாலும் குடும்பமே கூட்டைக் காலிசெய்து போய்விடும். நம் பரிசோதனை சுருக்கமாக இருக்க வேண்டிய காரணம் இதுதான்.

படி 1: வாசலில் மூன்று நாள்

மழை நின்று, தொடர்ந்து மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கட்டும். அந்த மூன்று நாளும் காலை ஒன்பது மணிவாக்கில் பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று பத்து நிமிடம் வாசலைப் பாருங்கள். எதிரே நின்று வழியை மறிக்காதீர்கள்.

திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களைக் கவனியுங்கள். மகரந்த உருண்டை இருக்கிறதா? பத்துத் தேனீ வந்தால் இரண்டு மூன்றாவது மகரந்தத்தோடு வருகிறதென்றால், உள்ளே பெரும்பாலும் புழு இருக்கிறது. புழுவுக்குத்தான் மகரந்தம் தேவை. புழு இருந்தால் ராணியும் அநேகமாக இருக்கும். திறப்பதற்கான பச்சைக்கொடி இது.

மதிய வெயிலில் இளம் தேனீக்கள் கூட்டமாக வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடி மேலும் கீழுமாகச் சற்று நேரம் பறந்துவிட்டு உள்ளே போகும். வீட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும் பயிற்சி அது. புதியவர்கள் பலர் 'கூட்டம் ஓடப் போகிறது' என்று பதறுவார்கள். இது நல்ல அறிகுறி.

காத்திருக்காமல் உடனே கவனிக்க வேண்டியவையும் உண்டு. வாசலருகே வெள்ளைப் புழுக்கள் செத்துக் கிடப்பது, பெட்டிக் காலில் எறும்புச் சாரை ஏறுவது, தேனீக்கள் ஒன்றையொன்று கடித்துப் புரள்வது (வேறு குடும்பம் தேன் திருட வந்திருக்கிறது), வெயில் நாளிலும் வாசலில் நடமாட்டமே இல்லாதது. இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே திறந்து பார்க்கலாம். மழை பெய்துகொண்டிருந்தால் மட்டும் விடும்வரை பொறுங்கள்.

திறக்காமலே செய்யக்கூடிய இன்னொரு சோதனை: பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தேன் இருக்கிறது. வெறும்பெட்டி கனமே இருந்தால், அன்று மாலையே சர்க்கரைப் பாகு கொடுத்துவிட்டு, பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். பசித்த குடும்பத்தைக் கலைக்கக் கூடாது.

படி 2: நேரம் பார்ப்பது

மார்கழி, தை விடியலில் பனி இறங்கும். ஈரம் உலரட்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஏற்ற நேரம். வயதான தேனீக்கள் பூவுக்குப் போயிருக்கும். பெட்டிக்குள் கூட்டம் குறைவு, கொட்டுவதும் குறைவு. மூட்டமான நாள், பலத்த காற்று, தூறல் வேண்டாம். பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் நேரம், குழந்தைகள் மாடியில் விளையாடும் நேரம் வேண்டவே வேண்டாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

மழைக்குப் பின் நகரில் கொசு மருந்துப் புகை அடிப்பார்கள். அது தேனீயையும் கொல்லும். எப்போது வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, முந்தைய இரவு தேனீக்கள் அடங்கிய பின் வாசலைக் காற்றுப்போகும் வலையால் அடைத்து, பெட்டியின்மேல் ஈரத்துணி போர்த்துங்கள். புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள். வெயிலில் அடைத்தே வைத்தால் உள்ளே வெந்து சாகும்.

படி 3: கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

- முகவலை, வெளிர்நிற முழுக்கைச் சட்டை, முழுக்காற்சட்டை
- புகைப்பான், அதில் போடக் காய்ந்த தேங்காய் நார்
- உளி
- தேனீயை ஒதுக்க மென்மையான தூரிகை அல்லது கோழி இறகு
- மெழுகுத் துணுக்குகளைப் போட மூடியுள்ள டப்பா
- சுத்தமான இன்னொரு அடிப்பலகை
- குறிப்பேடும் பென்சிலும்

வாசனைத் தைலம், பூ, அத்தர் எதுவும் வேண்டாம். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை எச்சரிக்க வெளிவிடும் வேதிப்பொருளின் வாசனை வாழைப்பழத்தை ஒத்தது.

படி 4: திறப்பது

1. பெட்டிக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழட்டும்.
2. வாசலில் இரண்டு மூன்று முறை இலேசாகப் புகை காட்டி, ஒரு நிமிடம் பொறுங்கள். புகை கையில் சுடாத அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். அதிகம் அடித்தால் நம் தேனீக்கள் வெருண்டு ஓடும்.
3. மேல்மூடியை எடுத்துக் கீழே மல்லாத்தி வையுங்கள். தேன் அறை இருந்தால் அப்படியே தூக்கி அதன்மேல் வைத்துத் துணியால் மூடுங்கள்.
4. ஓரச் சட்டத்தை முதலில் எடுங்கள். அதில் பெரும்பாலும் தேன்தான் இருக்கும். ராணி நடுவில் இருப்பதால் நசுங்கும் ஆபத்து குறைவு. எடுத்த சட்டத்தைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தால் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும்.
5. சட்டத்தை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் உரசினால் தேனீ நசுங்கும். பெட்டிக்கு நேர் மேலேயே பிடித்துப் பாருங்கள். ராணி தவறி விழுந்தாலும் உள்ளேயே விழும்.
6. அடை எப்போதும் செங்குத்தாக இருக்கட்டும். மறுபக்கம் பார்க்க, மேற்கட்டையைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதை அச்சாக வைத்துத் திருப்புங்கள். தட்டையாகச் சாய்த்தால் புதிய அடை தேன் கனத்தில் பிய்ந்து விழும்.
7. எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே மாதிரி திருப்பி வையுங்கள்.

மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

படி 5: நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவது

ராணி முட்டையிடுகிறதா? ராணியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முட்டையைக் கண்டால் போதும். நடுச் சட்டத்தை வெயில் கண்ணறைக்குள் நேராக விழும்படி பிடியுங்கள். ஒவ்வொரு கண்ணறையின் அடியிலும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் ஒற்றை வெண்கோடு தெரியும். முதல் முறை கண்ணுக்குப் படாது. சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கோணத்தில் வரிசையாகத் தெரியத் தொடங்கும். முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது.

ஒரு கண்ணறைக்குள் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக் கிடந்தால், ராணி இல்லாமல் பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன. அவற்றிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும்.

புழு அடை நெருக்கமாக இருக்கிறதா? மூடிய கண்ணறைகள் இடைவெளியின்றிப் பரந்திருந்தால் ராணி திடமானது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ராணிக்கு வயதாகியிருக்கலாம், அல்லது நோய் இருக்கலாம்.

சாப்பாடு இருக்கிறதா? புழுக்களைச் சுற்றி மகரந்தமும், அதற்கு மேலே தேனும் வளைவாக இருக்க வேண்டும்.

எத்தனை சட்டத்தைத் தேனீ மூடியிருக்கிறது? இருபுறமும் தேனீ நிறைந்த சட்டங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட இந்த எண்தான் கைகொடுக்கும்.

படி 6: நோயும் பூச்சியும்

மெழுகு அந்துப்பூச்சி: அடைக்குள் நூலாம்படை போன்ற சுரங்கம், கருமையான எச்சத் துகள்கள். தேனீ மூடாத பழைய கருத்த அடைகளை எடுத்துவிடுங்கள். அடிப்பலகையை மாற்றி, பழையதைச் சுரண்டி வெயிலில் காயவையுங்கள். எடுத்த அடையைப் பெட்டிக்குப் பக்கத்தில் போடாமல் அன்றே உருக்கிவிடுங்கள்.

தாய் சேக்புரூட் நச்சுயிரி நோய்: 1990களின் தொடக்கத்தில் தமிழகத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்த நோய் இது. மூடப்போகும் நிலையில் உள்ள புழு கண்ணறைக்குள் நீட்டிப் படுத்தபடி, தலைப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு செத்திருக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக முழுசாக வரும். இதற்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தையோ தேனையோ வேறு பெட்டிக்குக் கொடுக்காதீர்கள். உளியைச் சோப்புப் போட்டுக் கழுவித் தீயில் காட்டுங்கள். பாதித்த அடைகளை எரித்துவிட்டு, குடும்பத்துக்குத் தீனி கொடுத்துத் தேற்றப் பாருங்கள். தாக்குப்பிடித்த குடும்பங்களிலிருந்து பிரித்துப் பெருக்கித்தான் அன்று வளர்ப்பாளர்கள் மீண்டார்கள்.

எறும்பு, குளவி, பறவை: பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். குளவி வந்தால் வாசலைக் குறுக்குங்கள். பஞ்சுருட்டான் குருவி சில தேனீக்களைப் பிடிக்கத்தான் செய்யும். அதை விரட்டப் போக வேண்டாம்.

படி 7: பார்த்ததற்கு ஏற்பச் செய்வது

- முட்டை உண்டு, தேன் குறைவு: சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஆறிய பாகு 200 மில்லி, மாலையில், பெட்டிக்கு உள்ளே. வெளியே சிந்தினால் எறும்பும் திருட்டுத் தேனீயும் வரும்.
- முட்டை உண்டு, தேனீ மூடியிருப்பது மூன்று சட்டம்தான்: வெற்றடைகளை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை வைத்து இடத்தைச் சுருக்குங்கள்.
- ஆறு ஏழு சட்டமும் நிறைந்து, மேலே வெள்ளை வெளேரென்று புது மெழுகு தெரிகிறது: தேன் அறையை ஏற்றுங்கள்.
- அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்குகின்றன, ஆண் தேனீயும் நிறைய: குடும்பம் பிரியத் தயாராகிறது. இன்னொரு பெட்டி இருந்தால் பிரித்து வைக்கலாம்.
- ராணி இல்லை, புழுவும் இல்லை: வேறொரு நல்ல குடும்பத்தோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே சிறு துளைகள் இட்ட செய்தித்தாளை வைத்தால், அதைக் கடித்துத் தீர்ப்பதற்குள் இரு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும்.

எதுவானாலும் முதல் பரிசோதனையில் தேன் எடுக்காதீர்கள். மழைக்குப் பின் மிஞ்சிய அந்தத் தேன் அடுத்த தலைமுறைப் புழுக்களின் சாப்பாடு.

கொட்டினால்

கையை உதறாதீர்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் புகை காட்டுங்கள், வாசனை மறையும். பிறகு கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கமும் அரிப்பும் சாதாரணம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்குவது, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பரிசோதனைக்கு எப்போதும் துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும்.

அடுத்த முறை எப்போது?

மூடியதும் அங்கேயே நின்று குறிப்பேட்டில் எழுதுங்கள்: தேதி, தேனீ மூடிய சட்டங்கள், முட்டை உண்டா இல்லையா, தேன், மகரந்தம், செய்த வேலை, பக்கத்தில் பூத்திருக்கும் மரம். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் போதும். ராணி அறைகளைக் கண்டிருந்தால் ஒரு வாரத்தில் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் வாசல் போதும்.

நேரில் கற்றுக்கொள்ள விரும்புவோர் பக்கத்திலுள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையும் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் எந்தப் பயிற்சியும் உங்கள் தெருவில் எந்த மரம் எந்த வாரம் பூக்கும் என்று சொல்லித் தராது. அது உங்கள் குறிப்பேட்டில்தான் சேர வேண்டும். இரண்டு மூன்று தை எழுதிவிட்டால், மறைமலைநகரில் எப்போது திறக்க வேண்டும் என்று பக்கத்துத் தெருக்காரருக்கு நீங்களே சொல்லலாம். சித்திரையில் தேன் எடுக்கும்போது தேன் அறையிலிருந்து மட்டும் எடுங்கள். புழு அறையில் உள்ளது தேனீக்களுக்கு, அடுத்த ஐப்பசிக்கு.